நான்காம் வரிசை, ஏழாம் துளை

“என்சைம் மேல தப்பே இல்ல. கெட்டது நம்ம டிப்ஸ்தான்” என்று கண்ணாடி அலமாரிக்கு அந்தப் பக்கம் மதுவந்தி சொன்னது காதில் விழுந்தபோது சலேத்மேரியின் விரல்கள் நான்காம் வரிசையில், ஏழாம் துளைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டன. விரல் நுனியில் ஒரு டிப். டிப் என்றால் பெரிய சாமான் ஒன்றுமில்லை. சுண்டுவிரல் நீளத்தில், அடிப்பக்கம் ஊசியாய்க் குறுகிப்போகிற ஒரு பிளாஸ்டிக் குழல். பிப்பெட்டின் மூக்கில் செருகி, இங்கே ஒரு சொட்டு எடுத்து அங்கே ஒரு சொட்டு விட்டதும் குப்பைக்குப் போய்விடும். பாட்டிலோடு ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, பெட்டியில் வரிசைக்குப் பன்னிரண்டாய் எட்டு வரிசை அடுக்கி மூடிக்கொடுப்பது இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் பதினோரு வருஷமாய் அவள் வேலை. பேச வேண்டாத, படிக்க வேண்டாத வேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள், அதில் என்ன கெட்டுப்போகும், கெட்டுப்போக அது என்ன பாலா. ஆனால் கை இறங்க மாட்டேன் என்கிறது. மாதாவுக்குச் சொல்லும் ஆறாவது அருள் நிறைந்த மந்திரம் நாக்கில் பாதியோடு அறுந்து தொங்குகிறது, விட்ட இடம் எது என்று தெரியவில்லை, ஐம்பத்து நாலு வயசில் அந்த மந்திரத்தில் விட்ட இடம் தெரியாமல் போவது இதுதான் முதல் தடவை. டிப்ஸ் என்றால் எந்த டிப்ஸ், யார் பெட்டி, இங்கே ஆறு பேருக்கு ஆறு கலரில் பெட்டி இருக்கிறது, பச்சை, நீலம், சிவப்பு, எந்தக் கலரைச் சொல்கிறாள் இந்தப் பெண். கேட்க வேண்டியதில்லை. மடியில் மஞ்சள் பெட்டி திறந்து கிடக்கிறது, மஞ்சள் மதுவந்தியுடையது, மூடியின் உள்பக்கம் எண்ணெய் மினுக்கம்.

பன்னிரண்டு என்ற அந்தக் கணக்கை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. போன அக்டோபர், செபமாலை மாதம், முதல் நாள் காலையில் அதுவாக விரலில் வந்து உட்கார்ந்தது. ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவ மந்திரம், கூட்டினால் பன்னிரண்டு. ஒரு வரிசை முடிந்தால் ஒரு தேவ இரகசியம் முடிந்தது. ஐந்து வரிசையில் ஒரு முழுச் செபமாலை. மேல் சிலிர்த்துப்போயிற்று அன்றைக்கு. எந்தத் தேசத்துக் கம்பெனிக்காரன் இந்தப் பெட்டிக்கு அச்சு வார்த்தானோ, மாதாவே அவன் கையைப் பிடித்து வார்த்திருக்கிறாள், இல்லாவிட்டால் எட்டாவது வரை படித்த ஒருத்தி உட்கார்ந்து அடுக்குகிற பெட்டியில் இத்தனை துல்லியமாய் எப்படி வரும். மிச்சம் மூன்று வரிசை. அதையும் பங்கு போட்டுவிட்டாள். ஆறாவது ஓசூரில் வேலை பார்க்கிற மகன் தைனிசுக்கு. எட்டாவது, கடைசி வரிசை, மகள் ஜெனிட்டாவுக்கு. நடுவில் ஏழாவது, அதே வாரம் கழுவுதொட்டி ஓரத்தில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதுகொண்டிருந்த இந்த மதுவந்திக்கு. டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டுகிற சோதனையாம், ரெண்டு தடவை செய்து ரெண்டும் ஒட்டவில்லையாம். “மொத ரெண்டு தடவை யாருக்குமே ஊத்திக்கும் மது, நான் நாலு தடவை மண்ணைக் கவ்வினேன்” என்று இம்ரான்கூடச் சொன்னான். அவனும் அவளைப் போல முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பையன்தான், வாய் மட்டும் ஓயாது. அந்த ரெண்டு தடவை எல்லாருக்கும் வருகிற தோல்வி. சலேத்மேரி அதைக் கேட்டாள், கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யாராவது அழுதால் அவளுக்குக் கை சும்மா இருக்காது, அது பிறவிக்குணம். கையுறை போட்டுத்தான் டிப் அடுக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள், மற்ற அஞ்சு பெட்டியும் அப்படித்தான் அடுக்குகிறாள். உறை போட்ட விரலுக்குச் செபமாலை மணி தெரியாதே. மதுவந்தியின் மஞ்சள் பெட்டியை மட்டும் வெறும் கையால் அடுக்கினாள். நவம்பரில் அது போதாது என்று தோன்றி, கோவிலில் மந்திரித்துக் கொடுத்த எண்ணெயைச் சின்னப் புட்டியில் கொண்டுவந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தடவை விரலில் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு டிப்பாய் நுனியைப் பிடித்து, துளையில் இறக்கினாள். நுனியை. எந்த நுனி சொட்டுக்குள் முங்குமோ அந்த நுனியை.

“இங்க பாரு, ஏழு தடவை” என்று மதுவந்தி அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை, அழுகை தீர்ந்த பிறகு வருகிற வறட்சி. “ரெண்டு கம்பெனி என்சைம் மாத்திட்டேன். அவங்களுக்குக் காரசாரமா மெயில் வேற போட்டேன், உங்க சரக்கு தரமில்லைன்னு. நேத்து விலங்கியல்ல இருந்து சீல் பிரிக்காத டிப்ஸ் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். அதே என்சைம், அதே தண்ணி, அதே நான். வெட்டுச்சு, ஒட்டுச்சு, திரும்ப வெட்டினா சுத்தமா வெட்டுது. நம்ம பெட்டியில செஞ்சா வெட்டுது, ஒட்ட மாட்டேங்குது. முனையை எதுவோ மேஞ்சிருக்கு.” மேய்ந்திருக்கிறது என்றால் சலேத்மேரிக்குப் புரியும். அவளுக்கு அதைப் பையின் ஜிப்பை வைத்துக் காட்டியதே இந்தப் பெண்தான், ஒரு மத்தியான டீ நேரத்தில். டி.என்.ஏ.ங்கிறது ஜிப் மாதிரிம்மா, நீளமா போகும், இந்த என்சைம் ஒரு கத்திரி, குறிச்ச இடத்துலதான் வெட்டும், வெட்டின முனையில பல்லு பல்லா நீட்டிக்கிட்டு இருக்கும், இன்னொரு முனையோட பல்லும் இதோட பல்லும் சேர்ந்தா மேல பசை போடுற இன்னொரு என்சைம் ஒட்டிடும். வெட்டுறது பெரிய காரியம் இல்லம்மா, எல்லாக் கத்திரியும் வெட்டும். வெட்டின பல்லு உடையாம இருக்கணும். நல்ல கத்திரியான்னு பாக்குறது வெட்டுல இல்ல, திரும்ப ஒட்டுதாங்கிறதுல. ரெண்டு பல்லைக் கொறிச்சாக்கூட போச்சு, கண்ணால பாத்தா ஜிப்பு முழுசா இருக்கிற மாதிரியே இருக்கும், சேராது. எது பாப்பா கொறிக்கும் என்று இவள் கேட்டதற்கு அவள் சிரித்துக்கொண்டே, எது வேணும்னாலும், நம்ம கை வேர்வையே போதும் என்றாள். சொன்னாளே. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாளே. சலேத்மேரி தலையை ஆட்டினாள், அடுத்த நாள் காலையில் வந்து புட்டியைத் திறந்து விரலை எண்ணெயில் தொட்டாள். காது கேட்டது, கைக்குக் கேட்கவில்லை. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. கை வேர்வை என்றால் ஊரார் கை வேர்வை, அழுக்குக் கை, அவசரக் கை. செபம் சொல்கிற கையில் என்ன இருக்கப்போகிறது என்று உள்ளே எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கிறது, அந்த நினைப்பை இப்போதுதான் முகத்துக்கு நேராய்ப் பார்க்கிறாள், மாதாவே, எவ்வளவு பெரிய அகங்காரம் இது, முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்திருக்கிறதே.

“ஏ, நிறுத்து நிறுத்து” என்றான் இம்ரான். “என் டிப்ஸும் அதே சலேத்தம்மா அடுக்கினதுதானே? எனக்கு ஒட்டுதே, ஃபெவிகால் மாதிரி ஒட்டுது. உன் பெட்டிக்குள்ள மட்டும் என்ன சாத்தானா உக்காந்திருக்கு? மூடியைத் திறந்து வெச்சுட்டு போன்ல அரட்டை அடிச்சிருப்ப.” அவன் வேடிக்கையாய்த்தான் சொன்னான். மதுவந்தி சிரிக்கவில்லை. “அதான் நானும் சொல்றேன். நான்தான். நான்தான் எங்கயோ திறந்து போட்டிருக்கேன், வெறும் கையோட தொட்டிருக்கேன், ஞாபகமில்ல. கைடு சார் சொன்னது சரிதான், சில பேருக்கு இந்த வேலைக்குக் கை வராதாம். மூணு மணிக்குப் போயி ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடறேன். ப்ராஜெக்டை நீயே எடுத்துக்கோ. இந்த மாசத்தோட என் பதிவு முடியுது, நீட்டிக்க அவர் கையெழுத்துப் போடணும், போட மாட்டார்.” ஒத்துக்கொள்கிறாளாம். செய்யாததை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுக்கப்போகிறாளாம். எழுந்து போய்ச் சொல்லு என்றது சலேத்மேரியின் ஒரு மனசு. சொன்னால் வேலை போகும் என்றது இன்னொன்று, உடனே அது வெட்கப்பட்டு ஒதுங்கியது, வேலை போவது அல்ல பயம். பயத்துக்கு வேறு முகம். ஏழு தடவை. முதல் ரெண்டை விடு, அஞ்சு. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் அவள் அழுவாள், ஒவ்வொரு தடவை அழும்போதும் இவள் அடுத்த பெட்டிக்குக் கொஞ்சம் கூட எண்ணெய், கொஞ்சம் கூட நிதானம், விரல் கொஞ்சம் கூட நேரம் அழுந்த. அழுகை கூடக் கூடச் செபம் கூடியது, செபம் கூடக் கூட அழுகை கூடியது. இது சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது மூன்று மாசமாய், அவள் மடியிலேயே, ஆறு பெட்டியில் அஞ்சை விட்டுவிட்டு, பிரியப்பட்ட பெட்டியில் மட்டும். யாருக்காக மன்றாடவில்லையோ அவர்களுக்கெல்லாம் ஒட்டியிருக்கிறது. இம்ரானுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம்கூடச் சொன்னதில்லை, ஃபெவிகால் மாதிரி ஒட்டுகிறதாம்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு ஜெனிட்டாவுக்குப் போன் போடுவாள், அவள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், இங்கே ஒருத்தி வாழ்க்கை மூன்று மணிக்கு முடியப்போகிறது. நினைப்பு கேட்கிறதா, வழுக்கிக்கொண்டு அங்கேதான் போகிறது. மருமகனோடு ஏதோ மனஸ்தாபம் என்று ஜெனிட்டா ஒரு நாள் போனில் லேசாய்ச் சொன்னாள், லேசாய்த்தான், அம்மாவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாள். அடுத்த ஞாயிறே சலேத்மேரி பங்குக் கோவிலின் செபக்குழுவில் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு, தஞ்சாவூர் பஸ் ஏறி, மகள் வீட்டு வாசலில் போய் இறங்கினாள். கூடத்தில் பாய் விரித்து மெழுகுவர்த்தி கொளுத்தி ஒன்றரை மணி நேரம் குடும்ப சமாதானத்துக்காகச் சத்தமாய் மன்றாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி சன்னலில் நின்றாள். மருமகன் வெளியே போனவன் எல்லாரும் பஸ் ஏறுகிறவரை திரும்பவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ஜெனிட்டா கண்ணில் தண்ணீர் இல்லாமல் கேட்டாள், “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?” ஒன்றரை வருஷம் ஆகிறது. புருஷன் பெண்சாதி எப்படியோ சரியாகிவிட்டார்கள், அது அவர்களாகச் சரியானது. அம்மாவோடுதான் ஒட்டவில்லை. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இவள் போன் போட்டு, அன்றைக்கு நான் எதற்கு வந்தேன் என்றால் என்று ஆரம்பிப்பாள். ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிட ஜெனிட்டாவின் ம் சின்னதாகும். “அதை விடும்மா. அதையே தொட்டுக்கிட்டு இருக்காத” என்றாள் போன மாசம். தொட்டுக்கொண்டே இருக்கிறாள். வெட்டிய அன்றைக்குப் பல்லு இருந்திருக்கும். வெட்டிய அன்றைக்கே இரண்டு பக்கமும் சும்மா விட்டிருந்தால்.

இடது கை மரத்துப்போயிருந்தது. டிப் இன்னும் வலது விரலில். இத்தனை நேரம் பிடித்ததில் நுனி சூடாகியிருந்தது, பிளாஸ்டிக்குக்கும் உடம்புச் சூடு ஏறும்போல. இதை இந்தத் துளையில் இறக்கிவிட்டு, மூடியை மூடி, மத்தியானம் புதுசாய் ஒரு பெட்டியைக் கையுறையோடு அடுக்கி, மஞ்சள் மூடி மாட்டி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும். இனிமேல் ஒட்டும். ஒட்டினால் போதாதா. போதாது, அந்தப் பெண் இனிமேல் செய்யவே போவதில்லை, மூன்று மணிக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள், சொந்த ஊர் கரூருக்கு ரயில் ஏறிவிடுவாள், கை வராதவள் என்ற பேரோடு. ஸ்டூல் தரையில் உராய்ந்த சத்தம் கேட்டுத்தான், தான் எழுந்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. பெட்டியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு அலமாரியைச் சுற்றி வந்தாள். மதுவந்தி மேசை மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மரியாதைக்குரிய ஐயா என்று எழுதி நிறுத்தியிருந்தாள்.

“பாப்பா” என்றாள் சலேத்மேரி. “உன் கையில ஒண்ணுமில்ல பாப்பா. இந்தக் கைதான்.” வலது கையை நீட்டினாள். மற்றக் கையில் பெட்டி இருந்ததால் புட்டியை எடுக்க முடியவில்லை, இம்ரானிடம், “என் ஸ்டூல்கிட்ட அந்த சேலைக்கடைப் பையில இருக்கு, எடுங்க தம்பி” என்றாள். சொன்னாள் எல்லாவற்றையும், வரிசை வரிசையாய், பரலோகம் எந்தத் துளை, திரித்துவம் எந்தத் துளை, எண்ணெய் எப்போதிலிருந்து, எந்த வரிசை யாருக்கு. எட்டாவது வரிசை யாருக்கு என்று மட்டும் சொல்லாமல் விட்டாள். இம்ரான் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மேசையில் மெல்ல வைத்தான்.

“எண்ணெயா” என்றாள் மதுவந்தி. அப்புறம், “எத்தனை பெட்டிம்மா?”

“உன் பெட்டி எல்லாமே. மஞ்சள் மட்டும்.”

மதுவந்தி சிரித்தாள், விக்கல் மாதிரி ஒரு சத்தம், ஒரே ஒரு தடவை. முகம் அதற்குப் பிறகு சிவந்தது. “மூணு மாசம்மா. ராத்திரி தூக்கத்துல என் கையை நானே பாத்துக்கிட்டு எழுந்திருக்கேன். எங்க அம்மாகிட்ட பேசுறதையே நிறுத்திட்டேன், என்னன்னு சொல்றது. எனக்காகத்தான் செஞ்சீங்க, தெரியுது. ஒரு வார்த்தை... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” அதே வார்த்தை. வேறு வாய், வேறு ஊர், அதே வார்த்தை, அதே காய்ந்த கண். சலேத்மேரி செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பது போலக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கேட்டிருக்கலாம் பாப்பா, கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பியே, அதுக்காகத்தான் கேட்கல என்று ஒரு பதில் உள்ளே எழுந்தது, அதுதான் உண்மை, ஒன்றரை வருஷமாய் எந்தப் போனிலும் சொல்லாத உண்மை.

“சார்கிட்ட நானே வர்றேன்” என்றாள்.

“வாயால சொன்னா நம்ப மாட்டாரு” என்றான் இம்ரான். “நீ அந்தம்மாவைப் பேச வெச்சு தப்பிக்கிறேன்னு நினைப்பாரு. ஜெல்லுல ஓட விட்டு, டி.என்.ஏ. ஒட்டுச்சா இல்லையான்னு கண்ணால காமிக்கணும்.” மதுவந்தி தாளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ மாறியது, கோபம் போய்விடவில்லை, அதன் பக்கத்திலேயே வேறு ஒன்று வந்து நின்றது, கணக்குப் போடுகிறவள் முகம். “அது பாதியில இருக்கா? முடிங்கம்மா. எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே, எண்ணெய் தொட்டு, வெறும் கையோட, நுனியைப் பிடிச்சு. நான் கையுறை போட்டு இன்னொரு பெட்டி அடுக்கறேன். ஒரே என்சைம், ஒரே தண்ணி, ஒரே நாள். சார்கிட்ட நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் கேக்கறேன்.”

“இதுல ஒட்டிட்டா?”

“ஒட்டக் கூடாதும்மா. என் பெட்டியில ஒட்டி, உங்க பெட்டியில ஒட்டாமப் போனாத்தான் நான் தப்பிச்சேன்.”

சலேத்மேரி புட்டியை எடுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தாள். நான்காம் வரிசை, ஏழாம் துளை. சூடேறிய டிப்பை இறக்கினாள். துக்க தேவ இரகசியம், இயேசு சிலுவை சுமந்துகொண்டு போகிற இடம். விட்ட மந்திரத்தை முதலிலிருந்து எடுத்தாள், சொல்லி முடித்ததும் எப்போதும் ஒரு சின்ன விண்ணப்பம் வைப்பாள், விண்ணப்பம் வர வேண்டிய இடத்தில் வாய் நின்றது. என்ன கேட்பது. ஒட்டட்டும் என்று கேட்டால் இந்தப் பெண் போச்சு. கெட்டுப்போகட்டும் தாயே என்று கேட்டாள். நாக்கு கூசியது. பிறந்ததிலிருந்து எதையும் கெட்டுப்போகச் சொல்லி மாதாவைக் கேட்டதில்லை. என் கை விஷமாகட்டும், அந்தப் பிள்ளை பிழைக்கட்டும். எட்டாம் துளை, ஒன்பதாம் துளை. கெடுத்தது எண்ணெயா, வேர்வையா, செபமா என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து மாட்டிக்கொண்டது. கையுறை போட்டு, எண்ணெய் இல்லாமல், செபம் மட்டும் சொல்லி மூன்றாவதாய் ஒரு பெட்டி அடுக்கினால் தெரிந்துபோகும். அதை யாரும் அடுக்கச் சொல்லவில்லை. அடுக்கிப் பார்க்க அவளுக்கும் தைரியம் இல்லை. அலமாரிக்கு அந்தப் பக்கம் மதுவந்தி அடுக்குகிற சத்தம், டக் டக் டக் என்று, ஒரு சொல் இல்லாமல், வேகமாய். ஐந்தாம் வரிசை. ஆறாம் வரிசை, தைனிசே, மன்னிச்சுக்கோடா, இந்தத் தடவை உன் பேரும் இதுல போகுது. ஏழாம் வரிசை மதுவந்திக்கு, பன்னிரண்டு துளைக்கும் பன்னிரண்டு தடவை, கெடட்டும் கெடட்டும் என்று மூச்சுக் காற்றாய். எட்டாம் வரிசைக்கு வந்தாள். புட்டியில் விரலைத் தொட்டாள். எண்ணெய் விரல் நுனியில் சொட்டாய்க் கூடி நின்றது. கடிகாரத்தில் ஒரு மணி தாண்டி ஐந்து நிமிஷம். போன் சேலைக்கடைப் பைக்குள்தான் இருந்தது, எடுக்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள், பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

மதுவந்தி மூடியைத் திறந்து பார்த்தாள். “கடைசி வரிசை காலியா இருக்கேம்மா?”

“அதை மட்டும் நான் தொடல பாப்பா.”